நாற்காலிக்கு நடுக்கம் கிடையாது

ஆர்வோ கார்வோனன் முப்பத்தோரு வருஷம் எங்கள் கவுன்டி நிர்வாகத்தின் பனி வாரும் லாரியை ஓட்டினான். அந்த முப்பத்தோரு வருஷத்தில் அவன் பேசிய பேச்சை எல்லாம் எழுதினால் ஒரு பக்கம் தேறாது. "சரி", "பாக்கலாம்", "காபி இருக்கா?" இந்த மூன்றை வைத்துக்கொண்டே ஒரு மனிதன் காலம் தள்ளிவிடலாம் என்று காட்டியவன். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன்தான், அதனால் அவர், இவர் என்றெல்லாம் என்னால் எழுத முடியாது. என் பெயர் ஐலா. எங்கள் லூத்தரன் தேவாலயத்தின் அலுவலகத்தை இருபத்தாறு வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆர்வோ பேசாமல் மிச்சம் வைத்ததை எல்லாம் நான் பேசித் தீர்க்கிறேன் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் மீன் பிடிக்கப் போனார்கள். ஆர்வோ ஒரு கேமரா வாங்கினான். பழைய வகை இல்லை, கண்ணை வைத்துப் பார்க்கிற இடத்தில் குட்டி டிவி மாதிரி ஒரு திரை இருக்கிற புதிய வகை. ஆனால் அதில் மாட்டியது யாரோ வேண்டாத சாமான் விற்கிற கராஜ் சேலில் போட்ட, ஐம்பது வருஷப் பழைய, ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ். கேமராவுக்குத் தானாக ஃபோகஸ் செய்யத் தெரியும், லென்ஸுக்குத் தெரியாது. வளையத்தைக் கையால்தான் திருக வேண்டும்.

"காசு குடுத்துப் புதுசு வாங்கிட்டு ஏன்யா இந்தப் பாடு படுற?" என்று கேட்டேன்.

"பனி," என்றான்.

அந்த ஒரு சொல்லுக்கு விளக்கம் வாங்க எனக்கு இரண்டு கோப்பை காபியும் ஏலக்காய் ரொட்டி அரைத் துண்டும் செலவாயிற்று. பனி கொட்டும்போது கேமரா தானாக ஃபோகஸ் செய்தால் முன்னால் விழுகிற பனித்துளியைப் பிடித்துக்கொள்ளுமாம், பின்னால் நிற்கிற ஆளை விட்டுவிடுமாம். எங்கள் ஊரில் வருஷத்தில் ஆறு மாதம் பனி. அப்புறம் தானாக ஃபோகஸ் செய்கிறது எதற்கு?

ஒருநாள் என்னையும் பார்க்கச் சொன்னான். கண்ணை வைத்தேன், எல்லாம் ஒரே மங்கல். எங்கள் அம்மாவுக்கு எழுபது வயதில் கண் போயிற்று, எனக்கும் எழுபது. "ஆர்வோ, என் கண்ணு போச்சு!" என்று கத்திவிட்டேன். அவன் கையை நீட்டி, கண் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்னச் சக்கரத்தை நாலு தடவை திருப்பினான். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"உன் கண்ணு இல்ல. என் கண்ணுக்கு வெச்சிருந்த அளவு," என்றான். எனக்கு வந்த கோபத்தில் மிச்ச ரொட்டியைக் கொடுக்கவில்லை.

அன்றைக்கு அவன் காட்டியதை நான் மறக்கவில்லை. வளையத்தைத் திருகத் திருக, திரையில் ஃபோகஸ் எங்கே விழுகிறதோ அங்கே விளிம்புகளில் சிவப்புக் கோடு மின்னும். ஆளின் காதில் மின்னும், பிறகு கன்னத்துக்கு நகரும், பிறகு மூக்குக்கு. அதை அவன் முழுசாக நம்ப மாட்டான். மூக்குக்கண்ணாடி போட்டவர் என்றால் சிவப்பு அந்த ஃபிரேமைத்தான் முதலில் பிடிக்கும், பார்க்கிறவன் கண்ணைப் பிடித்துவிட்டோம் என்று ஏமாறுவான். எங்கள் சபையில் கண்ணாடி போடாதவர் யார் இருக்கிறார்கள்! அதனால் சிவப்பைப் பார்த்த பிறகு ஒரு பொத்தானை அமுக்கிப் பெரிதாக்கி, கண் இமை மயிர் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார்ப்பான். பிறகு மறுபடி சின்னதாக்கி முழு முகத்தையும் பார்ப்பான்.

"மூணாவதத்தான் எல்லாரும் மறந்துடுவாங்க," என்றான். "இமையப் பாத்துக்கிட்டே அமுக்கிடுவாங்க. ஆளு சிரிக்கிறாளா அழறாளான்னு தெரியாது."

ஆள் என்று சொன்னவன் ஏன் சிரிக்கிறாளா என்று முடித்தான் என்று நான் அப்போதே யோசித்தேன். எனக்கு இதெல்லாம் தப்பாது.

வியெனோ கங்காஸைப் பற்றிச் சொல்லாமல் ஆர்வோவைப் பற்றிச் சொல்ல முடியாது. வியெனோ எங்கள் தபால் ஆபீஸ் ஜன்னலில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள். ஐம்பது வயதுக்கு மேல் அவளுக்குத் தலை ஆட ஆரம்பித்தது, கையிலும் லேசான நடுக்கம். வலிக்காது, உயிருக்கும் ஆபத்தில்லை, ஆனால் நிற்காது. தலை இடமும் வலமுமாக ஆடும், வேண்டாம் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி. "பார்சல் வந்திருக்கா?" என்று கேட்டால் வாய் "வந்திருக்கு" என்னும், தலை இல்லை என்னும். புதிதாக வந்தவர்கள் குழம்பிப் போவார்கள். அவளே சிரிப்பாள். "தலைய நம்பாதீங்க, வாய நம்புங்க" என்பாள். வீட்டுக்குப் போய் அழுவாள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

எங்கள் சபையில் ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு முறை குடும்பப் படப் புத்தகம் போடுவோம். எல்லாக் குடும்பத்தின் படமும் பெயரும் அகர வரிசையில் இருக்கும். படம் எடுத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்தக் கட்டத்தில் தேவாலயக் கோபுரத்தின் படத்தைப் போடுவோம். போன இரண்டு புத்தகங்களிலும் வியெனோ கோபுரம்தான். முதல் தடவை வெளியூரிலிருந்து வந்த படக்காரர் "ஆடாம இருங்கம்மா, ஒரே ஒரு நிமிஷம் ஆடாம இருங்க" என்று கெஞ்சினார். அப்படிச் சொன்னால் அவள் தலை இன்னும் வேகமாக ஆடும். படத்தைப் பார்த்துவிட்டு, "கோபுரம் போடு ஐலா" என்றாள். அடுத்த தடவை வரவே இல்லை.

ஆர்வோவும் இரண்டு தடவையும் கோபுரம்தான். அவனுக்கு எந்த நடுக்கமும் இல்லை, வெட்கம் மட்டும்தான். "லாரி ஓட்டறவன் மூஞ்சிய யாரு பாக்கப் போறா?" என்றான். கங்காஸுக்கு அடுத்தது கார்வோனன். ஆக இரண்டு கோபுரமும் பக்கத்துப் பக்கத்தில். "பாரு, கல்யாணம் பண்ணி வெச்ச மாதிரியே இருக்கு" என்று நான் சொன்னபோது ஆர்வோ காது வரைக்கும் சிவந்தான்.

இன்னொன்றும் ஊருக்கே தெரியும். பனி லாரி ரோட்டைச் சுத்தம் செய்துகொண்டு போகும்போது வாருகிற பனியை எல்லாம் வீட்டு வாசல்களில் மேடாகத் தள்ளிவிட்டுப் போகும். காலையில் எழுந்து அந்த மேட்டை வெட்டி எடுத்தால்தான் கார் வெளியே வரும். அந்த லாரிக்காரனைத் திட்டாத வீடு கிடையாது. ஆனால் வியெனோ வீட்டு வாசலில் மட்டும் மேடு இருக்காது. அவள் புருஷன் செத்த குளிர்காலத்திலிருந்து இருந்ததில்லை. அந்த இடம் வந்ததும் ஆர்வோ லாரியின் முன்னால் பனி தள்ளுகிற பிளேடைத் தூக்கித் திருப்பிக்கொண்டு போய்விடுவான். இருபத்திரண்டு குளிர்காலம். இதைப் பற்றி அவனும் அவளிடம் சொன்னதில்லை, அவளும் அவனைக் கேட்டதில்லை. இப்படிப்பட்ட ஜனங்களோடு நான் எப்படிக் குப்பை கொட்டினேனோ தெரியவில்லை.

மறுபடி புத்தகம் போட வேண்டிய வருஷம், வெளியூர்ப் படக்காரர் வர மாட்டேன் என்றுவிட்டார். முப்பத்தெட்டுக் குடும்பத்துக்காக அவ்வளவு தூரம் வருவது கட்டாது. நான் ஆர்வோவைப் பிடித்தேன். "பாக்கலாம்" என்றான், அப்படியென்றால் சரி என்று அர்த்தம்.

செப்டம்பர் கடைசியில் வியெனோ அலுவலகத்துக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"ஐலா, மகன் கூப்பிடறான். டூசான்ல, அந்தப் பாலைவன ஊர்ல, வீடு வாங்கிட்டான். அக்டோபர் கடைசியில கூட்டிட்டுப் போக வரான்."

"எத்தன நாளைக்கு?"

"இனிமே அங்கதான்டி." கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தாள். "இந்தத் தடவை என்னையும் படம் எடுக்கச் சொல்லு. அம்பது வருஷம் உக்காந்த ஊரு. நான் போனப்புறம் இங்க ஒரு கோபுரமா இருக்க எனக்குப் பிடிக்கல. என் மூஞ்சி இருக்கணும்."

அவள் இப்படி எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. "அதுக்கென்ன, ஜமாய்ச்சுடலாம்" என்று சொல்லிவிட்டேன்.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் படம் எடுத்தது அக்டோபரின் நான்காவது சனிக்கிழமை. எல்லாரையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்தோம். பழைய ஓக் நாற்காலி, சாய்மானத்தின் ஓரத்தில் ஒரு குருவி செதுக்கியிருக்கும். ஆர்வோ கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் மாட்டி, சிவப்புப் பார்த்து, இமை பார்த்து, முகம் பார்த்து, நிதானமாக எடுத்தான். முப்பத்தாறு குடும்பம் ஒரு தொந்தரவும் இல்லாமல் முடிந்தது.

கடைசியாக வியெனோ நீல ஸ்வெட்டரும் மார்பில் குத்திய வெள்ளி ப்ரோச்சுமாக வந்து உட்கார்ந்தாள். படம் எடுத்து முடித்துக் காபியோடு நின்றவர்கள் எல்லாரும் மரியாதைக்காகச் சுவரைப் பார்த்தார்கள். அதுவே அவளுக்கு வேதனை. ஆர்வோ கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். அவள் தலை போகிற பக்கமெல்லாம் வளையத்தைத் திருகித் திருகித் துரத்தினான். நெற்றி வேர்த்தது. நாற்பத்தோரு படம் எடுத்தான்.

அவள் எழுந்து வந்து, கேமராவின் பின்பக்கத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றில்கூட முகம் முகமாக இல்லை.

"கோபுரமே போட்டுடு ஆர்வோ," என்றாள். "அது ஆடாது."

கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் ஆர்வோவை விட்டேனா? "ஏதாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மரம் மாதிரி நிக்கிறியே!" என்று எல்லார் எதிரிலும் சத்தம் போட்டேன். அவன் கேமராவைப் பையில் வைத்து ஜிப்பை மூடினான், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைக்குள் பக்கங்களை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். வியாழக்கிழமை வியெனோவின் மகன் வருகிறான். செவ்வாய்க்கிழமை காலை நான் அலுவலகத்தில் உட்கார்ந்து படங்களைக் கட்டத்தில் பொருத்திக்கொண்டிருந்தேன். கங்காஸ் கட்டம் வந்தது. கோபுரத்தை எடுத்து வைக்கக் கை வரவில்லை. நாற்பத்தோரு படத்தில் ஒன்றாவது தேறாதா என்று ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், கண் எங்கோ நகர்ந்து அந்தக் குருவி மேல் நின்றது.

குருவி இரண்டாக இருந்தது.

மற்ற குடும்பங்களின் படத்தைத் திறந்தேன். எல்லாவற்றிலும் குருவிக்கு இறகு எண்ணலாம். வியெனோவின் படங்களில் மட்டும், நாற்பத்தொன்றிலும், குருவி இழுபட்டு இரட்டையாக இருந்தது. ஆர்வோவுக்குப் போன் செய்தேன்.

"வியெனோவுக்கு நடுக்கம். சரி. நாற்காலிக்கு என்னய்யா வியாதி?"

பத்து நிமிஷத்தில் கேமராவோடு வந்துவிட்டான். கோட்டைக்கூடக் கழற்றாமல் திரைக்கு அருகே குனிந்து பார்த்தான். "ஃபோகஸ் தப்பினா மங்கும்," என்றான் மெதுவாக. "இது மங்கல. இழுபட்டிருக்கு." கேமராவை எடுத்து எதையோ தேடினான். ஒரு எண்ணைப் பார்த்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"முந்நூறு," என்றான்.

விஷயம் இதுதான். எடுக்கிறவன் கை நடுங்கினால் அதை ஈடுகட்ட கேமராவுக்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது. புது லென்ஸ் என்றால் தான் எவ்வளவு நீளம் என்று அதுவே கேமராவிடம் சொல்லிவிடும். பழைய லென்ஸ் ஊமை. எந்த அளவு லென்ஸ் மாட்டியிருக்கிறோம் என்று நாம்தான் கையால் எண் போட வேண்டும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆர்வோ ஆற்றங்கரையில் கழுகைப் படம் எடுக்க முந்நூறு அளவு லென்ஸ் மாட்டினான், முந்நூறு என்று போட்டான். சனிக்கிழமை ஐம்பத்தைந்தை மாட்டினான், எண்ணை மாற்ற மறந்தான். ஸ்டாண்டில் இருந்த வரைக்கும் அந்த ஏற்பாட்டை அணைத்து வைத்திருந்தான். வியெனோவுக்காகக் கையில் எடுத்ததும் அதைப் போட்டான். கேமரா தேவைக்குப் பல மடங்கு அதிகமாக உள்ளே ஆட்டித் தள்ளியிருக்கிறது.

"அவ ஆடல ஐலா. ஆடினது நெசம்தான், ஆனா படத்தக் கெடுத்தது அவ இல்ல. நான்." அவன் கண் கலங்கியிருந்தது. முப்பத்தோரு வருஷப் பனியில் கலங்காத கண். "அவ தலைகுனிஞ்சு போனாளே. நான் பாத்துக்கிட்டு நின்னேனே."

"இங்க உக்காந்து அழுதா ஆச்சா? போய்ச் சொல்லு."

"போன்ல சொல்லவா?"

"உனக்கு நேர்லயே பேச வராது, இதுல போன் வேறயா! கிளம்பு."

அவனை நம்ப முடியாமல் நானும் கூடப் போனேன்.

வியெனோவின் சமையலறை முழுக்க அட்டைப் பெட்டி. எங்களைப் பார்த்ததும் "காபிப் பானைய இன்னும் கட்டல, உக்காருங்க" என்றாள். சனிக்கிழமை நடந்ததைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. ஆர்வோ உட்காரவில்லை. தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, அவன் வாழ்நாளிலேயே மிக நீளமான பேச்சைப் பேசினான்.

"படம் கெட்டதுக்கு நீ காரணம் இல்ல. எண்ணு மாத்த மறந்துட்டேன். கேமராதான் ஆட்டிடுச்சு. நாற்காலியும் ஆடியிருக்கு. ஐலாதான் கண்டுபிடிச்சா. என் தப்பு. மன்னிச்சுக்கோ வியெனோ."

அவள் பானையைக் கீழே வைத்தாள். "நாற்காலியுமா?"

"நாற்காலியும்."

வியெனோ சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் நடுவில் அழுதாள். ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இருபது வருஷமா எது கலைஞ்சாலும் சிந்தினாலும் நான்தான். எல்லாரும் நல்லவங்க, பரவால்லன்னுதான் சொல்லுவாங்க. தப்பு என்னோடது இல்லன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. நீதான் மொதல்ல."

"இன்னொரு தடவை எடுக்கறேன்," என்றான் ஆர்வோ.

"நான் ஆடுவேனே?"

"ஆடு."

ஜன்னல் பக்கம் அவளை உட்கார வைத்தான். நல்ல வெயில். எண்ணை ஐம்பத்தைந்துக்கு மாற்றியதை என்னிடம் ஒரு தடவை, அவளிடம் ஒரு தடவை காட்டினான். இந்தத் தடவை அவன் துரத்தவில்லை. வளையத்தை ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினான். பிறகு கையை அதிலிருந்து எடுத்துவிட்டான்.

"நீ என்னமோ பேசிட்டு இரு. நான் உன் பின்னால வர மாட்டேன். உன் கண்ணு தானா இங்க வரும். நான் காத்திருக்கேன்."

நான் அடுப்புப் பக்கம் நின்றேன். அவனுக்குத் திரையில் தெரிவது எனக்குத் தெரியும். சிவப்புக் கோடு அவள் கன்னத்துக்கு வரும், கண்ணைத் தாண்டும், மூக்குக்குப் போகும், மறுபடி வரும். அவன் மூச்சைக்கூட மெதுவாக விட்டான்.

"என்ன பேசறது?" என்றாள் வியெனோ. பிறகு, ஊர் இருபத்திரண்டு வருஷமாகக் காத்திருந்த கேள்வியைக் கேட்டாள். "ஆர்வோ, நீ லாரி ஓட்டினப்ப என் வாசல்ல மட்டும் ஏன் பனி மேடு விழாது?"

அவன் கேமராவுக்குப் பின்னாலிருந்து முகத்தை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பதில் வந்திருக்காது.

"பழைய லாரி," என்றான். "அந்த இடம் வந்தா பிளேடு தானா தூக்கிக்கும்."

"அப்புறம் மூணு லாரி மாத்தினாங்களே!"

"மூணுக்கும் அதே கோளாறு."

அவள் சிரித்தாள். அமுக்கினான். ஒரே ஒரு படம்.

திரையில் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. ஒரு பக்கம் காதோரம் முடி லேசாகக் கலைந்திருந்தது, அது அவள் ஆட்டம். கண்கள் இரண்டும் அப்படியே தெளிவாக இருந்தன, இமை மயிர் உட்பட. வியெனோ வெகுநேரம் பார்த்தாள். "நான் இப்படியா இருக்கேன்?" என்று கேட்டாள். "எப்பவும்," என்றான் ஆர்வோ. அவன் முழு வாக்கியம் பேசாததற்கு முதல் முறையாக நான் அவனைத் திட்டவில்லை.

கேமராவைப் பையில் வைக்கப் போனான். வியெனோ விடவில்லை.

"எங்க போற? உக்காரு. நீயும்தான் கோபுரம்."

"வேணாம் வியெனோ."

"நான் மூஞ்சியோட இருப்பேன், பக்கத்துல நீ கோபுரமா நிப்பியா? உக்காருய்யா!"

அவன் உட்கார்ந்தான். அவள் நடுங்குகிற கையில் கேமராவை வாங்கினாள். கண்ணருகே இருக்கும் சின்னச் சக்கரத்தை அவள் கண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தேன், சிவப்பு, இமை, முகம் என்று வரிசையும் சொன்னேன், அந்த வித்தை எனக்குத்தான் தெரியுமே. அவள் கை ஆடியது, தலை ஆடியது, நாக்கைக் கடித்துக்கொண்டு வளையத்தைத் திருகினாள். "சிவப்பு ஓடுதுடி, நிக்க மாட்டேங்குது" என்றாள். "ஓடட்டும், காத்திரு" என்றேன். ஆர்வோ முழங்காலில் கையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அமுக்கினாள்.

அவன் கோட்டின் மேல் பொத்தான் கத்தி மாதிரி பளிச்சென்று விழுந்திருந்தது. நூல்கூடத் தெரிந்தது. முகம் மங்கல்.

"ஐயோ, இமையப் பாக்க மறந்துட்டேன்," என்றாள் வியெனோ. "முகத்தையே பாத்துட்டு அமுக்கிட்டேன்."

"இன்னொண்ணு எடு," என்றேன்.

"வேணாம்," என்றான் ஆர்வோ. எழுந்துவிட்டான்.

வியாழக்கிழமை மகன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான். வெள்ளிக்கிழமை நான் பக்கங்களை அனுப்பினேன். அடுத்த வாரம் அச்சகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ரொம்ப மரியாதையான குரல்.

"பதினோராம் பக்கத்துல ஒரு படம் கலங்கலா இருக்குங்க மேடம். கார்வோனன்னு பேரு. வேற படம் இருந்தா மாத்திடலாம். இல்லன்னா நீங்க அனுப்பின கோபுரம் இருக்கு, அதப் போட்டுடவா?"

"கோபுரம் வேணாம்மா," என்றேன். "அது அப்படித்தான் இருக்கணும்."

நவம்பரில் புத்தகம் வந்தது. அதற்குள் முட்டி அளவு பனி. ஆர்வோ பூட்ஸை உதறிவிட்டு உள்ளே வந்தான், கையில் மண்வெட்டி. வியெனோவின் காலி வீட்டு வாசலில் புது லாரிக்காரன் தள்ளிவிட்டுப் போன மேட்டை வெட்டி எடுத்துவிட்டு வருகிறான் என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் கேட்கவில்லை. பதினோராம் பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தேன்.

இடது பக்கம் வியெனோ கங்காஸ், கண் இமை எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக, யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். அவளை ஒட்டி ஆர்வோ கார்வோனன், கலங்கலாக. ஆனால் அந்தக் கலங்கலிலும் ஒன்று தெரிகிறது. எழுபத்திரண்டு வருஷமாக நாங்கள் யாரும் பார்க்காதது. அவனும் சிரிக்கிறான்.

வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு படம் இம்மி மங்கினாலும் பொறுக்காத மனுஷன், ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன்.

"நல்லா எடுத்திருக்கா," என்றான். புத்தகத்தைக் கோட்டின் உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான். குரல் கொஞ்சம் நடுங்கியது. "காபி இருக்கா?"